கோத்தகிரி - குன்னூர் - கோவை ஓட்டத்துக்கு எந்த செடான்? 330ஐ, ஏ4, சி 220 டி

ஹட்டி_டாக்டர் (கோத்தகிரி):

எல்லோருக்கும் வணக்கம். நான் பல் மருத்துவர். வீடு கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படகர் கிராமம்), கிளினிக் குன்னூரில். வியாழக்கிழமைதோறும் கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியற்காலை இறங்கி, இருட்டிய பிறகு ஏறி வருவேன். டிரைவர் கிடையாது, வைக்கவும் விருப்பமில்லை. அந்த நாளில் எனக்குப் பிடித்த வேலையே ஓட்டுவதுதான்.

இப்போது இருப்பது பழைய ஹோண்டா சிட்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிளினிக் கடன் முடிந்துவிட்டது, மகளும் படிக்க வெளியூர் போய்விட்டாள். இனியாவது ஓட்டுகிறவருக்காகவே செய்த ஒரு வண்டியை வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் ஆதரவு இல்லை. கணவர் ஃபார்ச்சூனர் கட்சி. மாமனார், பசுந்தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பட்ஜெட் எல்லாம் சேர்த்து 45 லட்சம். புதிதாக எடுத்தால் எட்டாது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரி போய், ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்று ஆனதில் விலை இறங்கியது உண்மைதான். ஆனால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நம் மாநிலத்தில் ஆயுள் வரியே 20 சதவீதம். ஆகவே நாலைந்து வருடம் ஓடிய வண்டிதான். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 2021 பி.எம்.டபிள்யூ 330ஐ, 2021 ஆடி ஏ4, 2022 மெர்சிடிஸ் சி 220 டி. மூன்றும் தமிழ்நாட்டு நம்பர், அதனால் வரி திரும்பக் கட்ட வேண்டியதில்லை.

என் பயம் இரண்டு. எங்கள் வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டு சிமெண்டுச் சாலை. நல்ல செங்குத்து. தார்ச் சாலையில் அது வந்து சேரும் இடத்தில் ஒரு மேடு. சிட்டியே நாலு பேர் உட்கார்ந்தால் அங்கே அடி தட்டும். இரண்டாவது, மழை. 330ஐயும் சி கிளாஸும் பின்சக்கர இழுவை, மலையில் வழுக்கும், ஏ4 முன்சக்கரம், அதுதான் பத்திரம் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மலையில் ஓட்டுகிறவர்கள், அல்லது மலை வண்டிகளைக் கையால் தொட்டவர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

*

சமவெளி_சவாரி (திருப்பூர்):

மேடம், இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். மலைக்கு எஸ்யூவிதான். உயரமாக உட்காரலாம், காட்டு மாடு குறுக்கே வந்தாலும் தெரியும், அடி தட்டாது. செடான் எல்லாம் நெடுஞ்சாலைக்கு. உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

*

கல்லாறு_ஒர்க்ஷாப் (மேட்டுப்பாளையம்):

டாக்டரம்மா, வணக்கமுங்க. நான் மேட்டுப்பாளையத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். மலை இறங்கி வரும் வண்டி முதலில் பிரேக் நாறிக்கொண்டு நிற்கும் இடம் எங்கள் வாசல்தான். ஏறும்போது கெடுகிற வண்டியை விட இறங்கும்போது கெடுகிற வண்டிதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் கார் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எப்படி ஏறுகிறது என்று பார்த்து வாங்காதீர்கள், எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்.

ஏறுவதில் இந்த மூன்றுக்கும் குறையே இல்லை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட அதே அளவில் சக்தி குறையும். உங்கள் சிட்டி மேலே போகப் போக மூச்சு வாங்குவது அதனால்தான். இந்த மூன்றிலும் டர்போ இருக்கிறது, மெலிந்த காற்றை அமுக்கி உள்ளே தள்ளிவிடும். 330ஐக்கு 258 குதிரைத்திறன், இழுவை 400 நியூட்டன் மீட்டர். அந்த வருடத்து ஏ4க்கு 190 குதிரை. சி 220 டிக்கு 200 குதிரை, இழுவை 440. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மூன்றும் ஒரே வேகம்தான் போகும். அந்தக் கணக்கை இதோடு விட்டுவிடலாம்.

இறங்குவதைப் பார்ப்போம். காரும் ஆளும் சாமானும் சேர்த்து இரண்டு டன் என்று வையுங்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சொச்சம். ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு டன்னைக் கீழே கொண்டு வருகிறீர்கள். என் மகன் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினான், எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி அது. அவ்வளவும் எங்கேயாவது சூடாகப் போய்த்தான் ஆக வேண்டும். எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொண்டது போக மிச்சத்தை பிரேக் வாங்கிக்கொள்ளும். கோத்தகிரி ரோட்டில் இறங்கினாலும் கணக்கு மாறாது, வளைவு கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். ஃபார்ச்சூனர் காலியாகவே இரண்டு டன் பக்கம் வரும். அதை நிறுத்துவதற்கும் இதை நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். திருப்பூர் தம்பி சொன்ன உயரமும் அப்படித்தான்: உயரமாக உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு வண்டி வெளிப்பக்கம் சாயும், பின்சீட்டில் இருக்கும் பிள்ளை வாந்தி எடுக்கும்.

போலீஸ்காரர்கள் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறார்கள். போர்டும் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வாங்கினவர்கள் அது கியர் வண்டிக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள். டி-யில் போட்டு பிரேக்கிலேயே கால் வைத்து வருகிறார்கள். 330ஐயில் இருப்பது எட்டு கியர் பெட்டி. அதன் இரண்டாவதும் மூன்றாவதும்தான் பழைய கியர் வண்டியின் இரண்டாவதற்கு அருகில் வரும். கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்போர்ட்டில் போட்டு, ஸ்டியரிங்கில் இருக்கும் பேடிலால் அந்த இரண்டு கியருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈகோ ப்ரோவில் இறங்கவே இறங்காதீர்கள். வேகம் கொஞ்சம் கூடினால் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினைக் கழற்றிவிட்டு வண்டியைச் சும்மா உருள விடும். அது அவிநாசி ரோட்டுக்குச் சரி.

பின்சக்கர இழுவை வழுக்கும் என்பது அம்பாசிடர் காலத்துப் பேச்சு. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போகும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு அது நல்லது. முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால் பிடி குறையும். ஈரத்தில் கொண்டை ஊசி வளைவில் ஏ4ஐ அழுத்திப் பாருங்கள், உள்பக்க முன்சக்கரம் சும்மா சுற்றும், அப்புறம் கம்ப்யூட்டர் வந்து அடக்கும். இந்தியாவில் விற்ற இந்த ஏ4க்கு குவாட்ரோ கிடையாது, ஆடி என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்று ஏமாறக் கூடாது. பின்சக்கர வண்டியில் கவனிக்க வேண்டியது இறக்கத்தில்தான். ஈர ரோட்டில், வளைவுக்குள் போன பிறகு பட்டென்று கியரைக் குறைக்காதீர்கள். எஞ்சின் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும்தான், பின்பக்கம் லேசாக விலகும். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட்டால் ஒன்றுமில்லை. பாசி பிடித்த நிழல் வளைவுகள் உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

அடி தட்டும் விஷயத்துக்கு நான் இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் பாருங்கள். 330ஐ அடங்கிய 3 சீரிஸ் வரிசையில் கிரான் லிமோசின் என்று ஒன்று 2021இல் வந்தது. 330எல்ஐ என்று எழுதியிருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2,961 மில்லிமீட்டர், சாதாரண 330ஐயை விட 110 கூடுதல். பின்சீட்டில் முதலாளி உட்காருவதற்குச் செய்த வண்டி. ஓட்டுகிறவர் நீங்கள், அது உங்களுக்கு எதற்கு? மேட்டில் வயிறு தட்டுவதும் அதில்தான் முதலில். விற்பவர்கள் இரண்டையும் 330 என்றே சொல்வார்கள், ஆர்.சி.யைப் பாருங்கள்.

என் ஓட்டு 330ஐக்கு. நீளம் குறைந்ததற்கு.

*

ஆறு_சிலிண்டர் (கோவை):

டாக்டர், 45 லட்சத்தைக் கொஞ்சம் இழுத்து பி.எம்.டபிள்யூ எம்340ஐ எடுத்துவிடுங்கள். 3 லிட்டர் ஆறு சிலிண்டர், நாலு சக்கர இழுவை, 500 நியூட்டன் மீட்டர், நூறைத் தொட 4.4 விநாடி. சென்னைப் பக்கம் சிங்கப்பெருமாள் கோவிலிலேயே அசெம்பிள் செய்கிறார்கள். பர்லியார் வளைவில் அந்தச் சத்தம் கேட்டால் 330ஐ பக்கம் திரும்ப மாட்டீர்கள்.

*

கல்லாறு_ஒர்க்ஷாப் (மேட்டுப்பாளையம்):

தம்பி, சத்தம் நல்ல சத்தம்தான், நானும் கேட்டிருக்கிறேன். பர்லியாரில் நூறைத் தொட இடம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் அங்கே ஒரு டீக்கடை போட்டுவிடுவேன். அந்தக் காசுக்கு டாக்டரம்மா பத்து வருடம் டயர் மாற்றலாம்.

*

கொடை_மஞ்சு (கொடைக்கானல்):

டாக்டர், நான் கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிறேன். பழைய சி 220 டி வைத்திருக்கிறேன், 2018இல் வந்த 194 குதிரை மாடல். ஒர்க்ஷாப் அண்ணன் டீசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

வத்தலக்குண்டுப் பக்கம் இருந்து மேலே வரும் சாலையில் டீசலின் இழுவைக்கு ஈடு இல்லை. நிமிடத்துக்கு ஆயிரத்து அறுநூறு சுற்றிலேயே முழு இழுவை வந்துவிடும், ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும். பெட்ரோலுக்குக் கீழ்க்கியருக்கு இறங்க வேண்டிய இடத்தில் இது அப்படியே ஏறும். எண்ணெய்ச் செலவும் வெகுவாகக் குறைவு.

ஆனால் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்தால் வண்டியே உள்ளுக்குள் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நிற்காமல் ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். நான் அடிக்கடி மதுரைக்குப் போகிறவன், வத்தலக்குண்டு தாண்டினால் நல்ல சாலை, எனக்குப் பிரச்சினை வந்ததில்லை. பக்கத்து எஸ்டேட்காரர் ஊருக்குள்ளேயே ஓட்டுவார். குளிரில் கிளப்பி, எஞ்சின் சூடாவதற்கு முன் அணைத்து, மறுபடி கிளப்பி என்று. அவருக்கு எச்சரிக்கை விளக்கு அணைந்தபாடில்லை. உங்களுக்கு வாரம் ஒரு முறை கோவை இருப்பதால் டீசல் தாங்கும் என்று நினைக்கிறேன். அந்த ஓட்டம் நின்றுவிடும் என்றால் பெட்ரோலுக்குப் போங்கள். 2022 வண்டிக்கு ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) வேறு ஊற்ற வேண்டும், அது பெரிய விஷயம் இல்லை.

இன்னொன்று. எங்களுக்குக் கம்பெனி சர்வீஸ் என்றால் மலை இறங்கி ஒரு நாள் போய்விடும். உங்களுக்குக் கோவை எப்படியும் போகிற ஊர். காலையில் விட்டு, மாலையில் எடுத்துக்கொள்ளலாம். எந்த வண்டி என்று முடிவு செய்யும் முன் மூன்று கம்பெனியின் சர்வீஸ் சென்டரும் உங்கள் மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மலைக்காரர்களுக்குக் குதிரைத்திறனை விட அது முக்கியம்.

*

ஹட்டி_டாக்டர் (கோத்தகிரி):

அண்ணா, கொடை நண்பரே, இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன தகவலே எனக்குப் போதும். எம்340ஐ பற்றி எழுதிய தம்பிக்கும் நன்றி, கனவில் ஓட்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏ4ஐயும் 330ஐயும் ஓட்டிப் பார்த்தேன். கோவையில் ஊருக்குள் ஒரு சுற்று என்றுதான் அனுமதித்தார்கள். 330ஐ விற்பவர் மட்டும் ஒரு ஆளைக் கூட அனுப்பி, வீடு வரை கொண்டு போகச் சம்மதித்தார். சிமெண்டுச் சாலை மேட்டில் நேராக ஏறினால் தட்டுகிறது. கோணலாக, ஒரு சக்கரமாக ஏற்றினால் தட்டவில்லை. மாமனார் வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உள்ளே போகவும் இல்லை. கணவர் டிக்கியைத் திறந்து பார்த்தார்.

ஏ4 உள்ளே அழகு. மேட்டில் நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து போகும்போது அதன் கியர் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் போனது போல் தோன்றியது. அது என் பழக்கக் குறைவா, வண்டியின் குணமா?

ஸ்டெப்னி இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. 330ஐயில் ரன்-ஃப்ளாட் டயர். இரவு எட்டு மணிக்கு மேல் கோத்தகிரி ரோட்டில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? அப்புறம், பழைய வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

*

கல்லாறு_ஒர்க்ஷாப் (மேட்டுப்பாளையம்):

ஏ4இல் இருப்பது இரட்டை கிளட்ச் பெட்டிங்க. ஆயிலில் நனைந்த கிளட்ச், சீக்கிரம் தீயாது. ஆனால் சீசனில் மேட்டில் ஊர்ந்து போகும்போது கம்ப்யூட்டர் அரை கிளட்ச் பிடித்துக்கொண்டே போகிறது என்பதுதான் உண்மை, அந்தத் தயக்கம் அதுதான். 330ஐயிலும் சி கிளாஸிலும் பழைய மாதிரி டார்க் கன்வர்ட்டர், ஆயிலே தள்ளிக்கொண்டு போகும். உங்கள் பழக்கத்தில் குறை இல்லை. மேட்டில் நிற்கும்போது மட்டும் எந்த ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் ஆக்சிலேட்டரால் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக்கை மிதியுங்கள்.

ரன்-ஃப்ளாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டலாம் என்பது கம்பெனிக் கணக்கு. மலையில் வேகத்தை அதற்கும் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். எந்த வளைவில் ஆனாலும் மேலேயோ கீழேயோ வந்து சேரலாம், இருட்டில் இறங்கி ஜாக்கி போட வேண்டியதில்லை. பெண் தனியாக ஓட்டும்போது அது சின்ன விஷயமா? கெட்டது என்னவென்றால் பக்கச்சுவர் கடினம், குழியில் விழுந்தால் முதுகுக்குத் தெரியும். தார் உடைந்து விளிம்பு கூராக நிற்கும் இடத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் ஒட்ட முடியாது, டயரே போச்சு. ஒதுங்கும்போது நின்று ஒதுங்குங்கள்.

டயர் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கை. கீழே வெயிலில் பிடித்துவிட்டு மேலே போனால் குளிரில் காற்று குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் மீட்டரில் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. போல ஏற்றிக் காட்டும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, கிட்டத்தட்ட சரிக்குச் சரியாகப் போய்விடும். நீங்கள் தூங்குவது எங்கேயோ அங்கே, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். கோவையில் பிடித்துவிட்டு மேலே போய்க் குழம்பாதீர்கள்.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியது. சென்னையில் இருந்த வண்டி என்றால் முதலில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எத்தனை நல்ல கார் முங்கியது என்று தெரியுமல்லவா? சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கறை நிற்கும். அதை யாரும் கழுவ மாட்டார்கள். டிக்கியில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், 330ஐக்கு பேட்டரி அங்கேதான் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள்.

அப்புறம் பிரேக் ஆயில். சர்வீஸ் புத்தகத்தில் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியிருக்க வேண்டும். சமவெளிக்காரர்கள் அதை மறந்துவிடுவார்கள், அவர்களுக்கு அது ஓடும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். அது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் சாமான். ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர அளவே 155 டிகிரிதான். மரப்பாலம் தாண்டும் முன் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரை வரை போகும், பிடிக்காது. எந்த வண்டி வாங்கினாலும் மலை ஏற்றும் முன் அதை மாற்றிவிடுங்கள், புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. டிஸ்க் ஓரத்தில் விரல் வைத்துத் தடவினால் வரம்பு மாதிரி தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

டயரில் கடைசி நாலு எண் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. பழைய டயர் என்றால் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி இருக்கும், ஈரத்தில் பிடிக்காது. நாலும் மாற்ற நல்ல தொகை ஆகும், அதையும் பேரத்தில் சேருங்கள். கூலண்ட் கசிவு, கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு உடைந்திருக்கிறதா, இதெல்லாம் லிஃப்டில் ஏற்றினால்தான் தெரியும்.

*

ஹட்டி_டாக்டர் (கோத்தகிரி):

அண்ணா, 330ஐதான் என்று தீர்மானித்துவிட்டேன். கொடை நண்பர் சொன்னதை யோசித்தேன், மருத்துவமனை ஓட்டம் இன்னும் இரண்டு வருடத்தில் நிற்கலாம், அதனால் டீசல் வேண்டாம். வண்டி கோவைக்காரர் பெயரில் இருக்கிறது. டி.என். 43 என்ற நீலகிரி நம்பர் இல்லாவிட்டால், வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் சோதனையில் ஒவ்வொரு முறையும் ஆர்.சி.யைக் காட்டி விளக்க வேண்டி வருமோ? உங்கள் லிஃப்டில் ஒரு முறை ஏற்றிப் பார்த்துச் சொல்வீர்களா? விற்பவர் மேட்டுப்பாளையம் வரை கொண்டு வரத் தயார்.

*

கல்லாறு_ஒர்க்ஷாப் (மேட்டுப்பாளையம்):

தாராளமாகக் கொண்டு வாங்க. நம்பர் பழையதுதான் இருக்கும், ஆர்.சி.யில் பெயரும் விலாசமும் மாற்றிவிட்டு உள்ளூர்க்காரர் என்று ஒரு முறை பதிந்துகொள்ளுங்கள், வேலை முடிந்தது. ஆனால் கல்லட்டி மலைப்பாதையில் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேறு நம்பரைப் பார்த்ததும் நிறுத்துவார்கள், அங்கே வெளியூர் வண்டியை ஊட்டியிலிருந்து கீழே விடுவதில்லை. 36 கொண்டை ஊசி, இந்த வண்டிக்கும் அது வேண்டாம்.

செவ்வாய் அல்லது புதன் காலை பத்துக்கு முன் வாங்க. எஞ்சின் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும், அதனால் விற்பவரை முதல் நாள் மாலையே வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், அன்றைக்கு வாசல் முழுக்கப் புகையும் வண்டிதான். ஸ்கேனர் போட, லிஃப்டில் ஏற்ற, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். பணம் வேண்டாங்க, கடைவாய்ப் பல் ஒன்று ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது, வரும்போது பேசிக்கொள்ளலாம்.